தூண்டிலில் இரை இலவசம்!



தூண்டில் போடுபவன் மீனிடம் இரைக்கு விலை கேட்பதில்லை. இலவசமாகவே தருகிறான், தாராளமாகவே தருகிறான். விலை இன்னதென்று மீனுக்குத் தெரியும் வேளையில், அது தண்ணீரில் இல்லை; கரையிலே கிடந்து துடிக்கிறது! சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இன்று அந்தத் தூண்டில், திருத்தங்கலிலே வாரக் கூலி வாங்கிவரும் பட்டாசுத் தொழிலாளியின் சட்டைப் பையிலே, கைப்பேசி வடிவிலே தொங்குகிறது.

ஐ.பி.எல். ஆட்டம் தொடங்கிவிட்டால் போதும், "இன்று வெல்லப்போவது இந்த அணி" என்று டெலிகிராமில் குறி சொல்லப் புறப்பட்டுவிடுகிறது ஒரு கூட்டம். முதலில் காசு கேட்பதில்லை. ஒன்று பலிக்கிறது, மற்றொன்றும் பலிக்கிறது. நம்பிக்கை முளைத்ததும் குரல் மாறுகிறது: "உறுதியான தகவல் வேண்டுமா? தனிக்குழுவில் சேர்! கட்டணம் ஐயாயிரம்!"

பலித்தது எப்படி? ஞானத்தாலா? இல்லை தோழர்களே, வெறும் கணக்கால்!

அவனிடம் 1,024 பேரின் எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிப்பேருக்குச் சென்னை வெல்லும் என்று தனித்தனியே செய்தி அனுப்புகிறான். மறு பாதிக்கு மும்பை என்கிறான். எது வென்றாலும் 512 பேருக்கு அவன் வாக்கு பலித்துவிட்டது! பலிக்காத பாதியை மறந்துவிட்டு, 512-ஐ மறுபடி பிளக்கிறான். 256, 128, 64, 32. ஐந்து ஆட்டம் முடிந்ததும், ஐந்தும் பலித்ததைக் கண்ணால் கண்ட 32 பேர் அவன் காலடியில்! ஆளுக்கு ஐயாயிரம் என்றால் 1,60,000 ரூபாய். மட்டை எது, பந்து எது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. இந்த உழைப்புக்கும் சோம்பியவன், தவறிய குறிப்பை அழித்துவிட்டுப் பலித்ததை மட்டும் பார்வைக்கு வைக்கிறான்.

வெல்லும் அணி அவனுக்கு உண்மையிலேயே தெரியுமானால், உன் ஐயாயிரம் அவனுக்கு எதற்கு? தானே பந்தயம் கட்டலாமே! கட்டணத்தோடு நிற்கிறானா? பந்தய நிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தந்ததற்குத் தரகும் உண்டு. பிடித்துத் தந்தவன் இழக்கும் தொகையிலே பங்கு என்பதும் அந்தத் தரகின் ஒரு வகை. நீ வென்றால் அவனுக்குப் புகழ். நீ வீழ்ந்தால் அவனுக்குப் பங்கு!

"இது சூதல்ல, திறமை" என்பது அவர்கள் தூக்கும் கேடயம். பழைய கேடயம்தான். 1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டே என்று கூறிவிட்டது. இணையச் சூதுக்குத் தமிழகம் போட்ட தடையும் 2021-இல் உயர்நீதிமன்றத்தில் விழுந்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. டில்லி விழித்ததோ 2025 ஆகஸ்டில்! பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நாடெங்கும் தடை. விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கடைக்குப் பூட்டு வந்தது. தரகனோ வாசலிலேயே நிற்கிறான். "நான் சூதாடவில்லை, ஆலோசனை சொல்கிறேன்" என்கிறான்! ஆலோசனையா இது? ஆள்பிடிப்பு! காவல்துறை அவன் குழுவின் பெயரைத் துரத்தினால் போதாது. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வான். கட்டணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கைத் துரத்தட்டும். கையும் களவுமாகப் பிடிபடுவான்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஏமாந்த தொழிலாளி வாய் திறப்பதில்லை. வெட்கம் அவன் வாயை அடைக்கிறது. அவனைக் கேலி செய்யாதீர்கள். சோதிடனையும் சாமியாடியையும் "எப்படி?" என்று கேட்கக் கற்றுத்தந்தவர் பெரியார். அந்தக் கேள்வியைக் கைப்பேசிக் குறிகாரனிடமும் கேட்கச் சொல்லுங்கள். தேநீர்க் கடையிலே, படிப்பகத்திலே, ஒரு தாளில் 1,024 என்று எழுதி, பாதி பாதியாகப் பிளந்து காட்டுங்கள்.

வெடிமருந்தின் நடுவே உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறான் நம் தோழன். அவன் கூலியையும் பணயம் வைக்கச் சொல்ல எவனுக்கு உரிமை உண்டு?