மழையில் கொடுத்த கோப்பை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் போய் ‘கோல்ஃப்’ என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடலைக் கொல்லையும் கரும்புத் தோட்டமுமாக இருக்கும் சீமை அது. இத்தனை நிலத்தில் வெறும் புல்லை வளர்த்து, ஒரு சின்னப் பந்தைக் கோலால் தட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடப்பதும் ஒரு விளையாட்டா என்று அங்குள்ள பாட்டிமார்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனாலும் சகோதரிகளே, இந்த வாரம் நான் சொல்லப்போகும் கோல்ஃப் வீரரின் கதை அந்தச் சீமையைத் தொட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது.

1860-ஆம் வருஷம் சென்னைப் பட்டினத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரத்தை அடைந்தது. அதில் 340 பேருக்கு மேல் இருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களின் கரும்புத் தோட்டங்களில் ஐந்து வருஷம் உழைப்பதாக ஒப்பந்தம். சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அன்று ஆரம்பித்து 1911 வரையில் ஒன்றரை லட்சம் பேர் இப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள் அவர்களில் அதிகம். திண்டிவனமும் விழுப்புரமும் 1993 வரை தென்னாற்காட்டில்தானே இருந்தன? பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து ஊரை விட்ட முனுசாமிகள் அங்கே போய் ஆங்கிலேயக் குமாஸ்தாவின் பேனாவில் ‘மூன்சாமி’ ஆனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் டர்பனில் அந்தப் பெயரோடுதான் இருக்கிறார்கள்.

அதே குமாஸ்தாக்களின் கைவண்ணத்தில் சிவசங்கர் என்ற அழகான பெயர் ‘செவ்சங்கர்’ ஆயிற்று. செவ்சங்கர் செவ்கோலம் என்பது நம் கதாநாயகரின் முழுப் பெயர். எல்லோரும் அழைத்தது ‘பாப்வா’ என்று. அவருடைய முன்னோர் தமிழர் அல்ல, வட இந்தியர். ஆனால் அந்த ஊரில் வெள்ளைக்காரர் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களிடையே வடக்கென்ன, தெற்கென்ன?

டர்பனில் கடலோரமாக, உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்துப் பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தார் பாப்வா. பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. சிறு வயதிலேயே பீச்வுட் என்ற கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களின் பையைச் சுமக்கும் வேலைக்குப் போய்விட்டார். அந்த வேலைக்காரனுக்குக் ‘கேடி’ என்று பெயர். நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் கேடியை நினைத்துக்கொள்ள வேண்டாம்! பந்தைத் தேடிக் கொடுப்பதும், எந்தக் கோல் வேண்டும் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பதும் கேடியின் வேலை. பையைத் தூக்கலாம். அங்கே ஆடக்கூடாது. பார்த்துப் பார்த்துத்தான் பாப்வா ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு விபரீதம் நேர்ந்தது. வீட்டில் ஒட்டடைக் கம்பு இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கை மேலே, வலது கை அதற்குக் கீழே. உலகத்தில் வலக்கைப் பழக்கமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் கோலைப் பிடிப்பது இப்படித்தான். இப்போது கைகளை மாற்றுங்கள், வலது மேலே, இடது கீழே. மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறதா? பாப்வா பிடித்தது இந்த மாதிரி! வாத்தியார் யாராவது இருந்திருந்தால் முதல் நாளே விரலில் தட்டி மாற்றியிருப்பார். பாப்வா கடைசி வரையில் மாற்றவில்லை. அவர் நாட்டில் அந்தப் பிடிக்கே ‘செவ்கோலம் பிடி’ என்ற பெயர் ஏற்பட்டது.

வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று தனியாக நடந்த பந்தயங்களில் அவர் தொடர்ந்து ஜெயித்து வந்தார். அவரைத் தூக்கிவிட்டவர் கிரஹாம் வுல்ஃப் என்ற ரசாயன நிபுணர். இவரை நீங்கள் அறிவீர்கள். பெயரால் அல்ல, சரக்கால்! தம் மனைவிக்காக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு முகப்பூச்சுத் தைலம் செய்து, 1952-இல் டர்பனில் விற்க ஆரம்பித்தார். அதுதான் ‘ஆயில் ஆஃப் ஓலே’. இன்று விழுப்புரம் கடைத்தெருவில் கேட்டாலும் கிடைக்கலாம். அந்தத் தைலத் தொழிற்சாலையில் பாப்வாவுக்கு ஒரு வேலை கொடுத்தார் வுல்ஃப். வேலை பேருக்குத்தான். 1959-இல் தம்முடைய சொந்த விமானத்திலேயே அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்.

அங்கே நடந்ததைச் சொன்னால் கட்டுக்கதை என்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத, பை சுமந்த ஆள் ஹாலந்து தேசத்து ஓபன் பந்தயத்தில் அந்த வருஷமே முதலாவதாக வந்துவிட்டார்! அடுத்த வருஷமும் அவரே. 1964-இல் மூன்றாம் முறை. கோல்ஃபில் யார் மிகக் குறைந்த தடவை அடித்துப் பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போடுகிறார்களோ அவர்களுக்கே வெற்றி. நாலு சுற்று ஆடிக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்குக்கு நிறம் தெரியாது. கணக்குப் பார்க்கும் மனிதர்களுக்குத்தான் தெரியும்.

1963-க்கு வருவோம். டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் பந்தயம். மிகுந்த போராட்டத்துக்குப் பிறகு பாப்வாவுக்கு ஆட அனுமதி கிடைத்தது. ஆனால் நிபந்தனை உண்டு. மைதானத்தில் ஆடலாம், கிளப் கட்டடத்துக்குள் காலை வைக்கக்கூடாது. சாப்பிடுவது, உடை மாற்றுவது எல்லாம் வெளியில்தான். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கு நடுவே ஆடி, அத்தனை பேரையும் தோற்கடித்துவிட்டார் பாப்வா. பரிசளிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்றவர்கள் கட்டடத்துக்குள் ஈரம் படாமல் நின்றார்கள். ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

இதில் என் மனத்தை அறுப்பது இன்னொன்று. அதே கட்டடத்தில் பானம் பரிமாறும் பணியாளாக ஓர் இந்தியர் தாராளமாக உள்ளே போகலாம், வரலாம். தட்டை ஏந்திக்கொண்டு போனால் கதவு திறக்கும். கோப்பையை வாங்கப் போனால் திறக்காது. வெள்ளைக்காரனைத் திட்ட நமக்கு வாய் துறுதுறுக்கிறது. இருக்கட்டும். நம் தென்னாற்காட்டு டீக்கடைகளில் சிலருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தது எந்த வெள்ளைக்காரன்? அறுவடையெல்லாம் செய்து நெல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் கை குவித்துக் கஞ்சி வார்த்ததும் நாம்தானே? பாப்வாவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த டம்ளர் ஞாபகம் வந்துவிடுகிறது. என்ன செய்ய!

அந்தப் புகைப்படம் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. தென்னாப்பிரிக்க சர்க்காருக்கு மகா கோபம். படம் வந்ததற்குத்தான் கோபம், நனைய வைத்ததற்கு அல்ல. 1965-இல் பாப்வா மறுபடியும் நேட்டால் ஓபனில் ஜெயித்தார். இந்தத் தடவை அவருக்குப் பின்னால் நின்றவர் கேரி பிளேயர். அமெரிக்க ஓபன் கோப்பையை அதே வருஷம் வென்ற கேரி பிளேயர்! அதோடு சர்க்காரின் பொறுமை போயிற்று. 1966-இல் உள்நாட்டுப் பந்தயங்களில் ஆட அவருக்குத் தடை போட்டார்கள். வெளிநாட்டில் போய்ப் பிழைக்கலாமென்றால் பாஸ்போர்ட்டையும் பறித்துக்கொண்டார்கள். ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் அறியாத மனிதர், குடும்பஸ்தர். நாற்பது வயதுகூட ஆகாத அவருடைய வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டுமா? ஆண்கள் எழுதும் விளையாட்டுச் சரித்திரங்களில் அந்த அடுப்பைப் பற்றி அநேகமாக ஒன்றும் இராது.

உலகம் சும்மா இருந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவை 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. 1970-இல் ஒலிம்பிக் சங்கத்திலிருந்தே வெளியேற்றினார்கள். 1974-இல் நம் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸில் இறுதிப் பந்தயம் வரை போயிற்று. எதிரி தென்னாப்பிரிக்கா. அந்தத் தேசத்தோடு ஆடமாட்டோம் என்று நம் சர்க்கார் சொல்லிவிட்டது. சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் கைக்கெட்டிய கோப்பையை ஆடாமலே விட்டார்கள். சின்ன வயதில் அது லேசான தியாகமா? மழையில் நின்ற பாப்வாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பாப்வா 1978-இல் மாரடைப்பில் காலமானார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை, கையில் காசும் இல்லை. நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்து, 1994-இல் நெல்சன் மண்டேலா ஜனாதிபதியானதை அவர் பார்க்கவில்லை. டர்பன் நகரசபைக்குச் சொந்தமாக உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. அதற்குப் பாப்வா செவ்கோலம் மைதானம் என்று பெயர் வைத்தார்கள்.