‘தனியொருவர்’ என்னும் வசதி

நெருக்கடிநிலை பற்றிய கருத்தரங்கு எதுவாயினும் நீதிபதி எச்.ஆர்.கன்னாவின் பெயர் அதில் தவறாமல் ஒலிக்கிறது. 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில், ஐவர் அமர்வின் நால்வர் ஒருபுறம் நிற்க அவர் ஒருவரே மாறுபட்டார். அறத்துணிவுக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று கட்டுரையாளர் வினவ, அவை கைதட்டிக் கலைகிறது. கன்னாவின் பெருமையில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்தக் கைதட்டலின் மீதுதான்.

வழக்கின் வினா எளிது. மிசா சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுகலாமா? காவலர் ஒருவர் தனிப்பகை காரணமாக ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று கன்னா கேட்டபோது, நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயின் விடையாக இருந்தது. அவ்விடையைக் கேட்ட பின்னரும் நால்வர் அரசின் பக்கமே தீர்ப்பெழுதினர். அவர்களுள் ஏ.என்.ராய் அப்போதே தலைமை நீதிபதி. ஏனைய மூவரும் பின்னர் அவ்விருக்கையில் அமர்ந்தனர். கன்னா 1977 ஜனவரியில் தம்மினும் இளையவரான பெக்குக்காகக் கடந்து செல்லப்பட்டு, பதவி விலகினார்.

நால்வரைப் பற்றிப் பேச நேரும்போது ஆய்வுலகம் கையாளும் சொல் ஒன்று உண்டு: ‘அக்காலச் சூழல்’. அச்சம் நாடெங்கும் கவிந்திருந்தது, சட்டத்தின் சொற்களும் அதற்கு இடந்தந்தன, அன்று வேறெப்படித் தீர்ப்பளித்திருக்க இயலும் என்று வாதம் நீள்கிறது. அதே சூழலில், அதே அரசமைப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கைதிகளின் மனுக்களை விசாரிக்கலாம் என்று முன்னரே கூறியிருந்தன. ஜபல்பூர் வழக்கே அத்தீர்ப்புகளை எதிர்த்து எழுந்த மேல்முறையீடுதான். ஒன்பது நீதிமன்றங்களுக்குத் தெரிந்த வழி உச்ச நீதிமன்றத்தின் நால்வருக்குத் தெரியாமற்போயிற்று என்றால், அதற்குச் சூழலைக் குற்றஞ்சாட்டுவது எவ்விதத்தில் பொருந்தும்?

அந்த ஒன்பதின் கதை மறைக்கப்படுவதில்லை, அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. இதழாளர் குல்தீப் நய்யாரின் காவல் செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்த இருவருள் ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார், ஆர்.என்.அகர்வால் அமர்வு நீதிபதியாகவே தாழ்த்தப்பட்டார். கன்னா இழந்தது வரவிருந்த பதவி. அகர்வால் இழந்தது வகித்துக்கொண்டிருந்த பதவி. (இருவரின் இழப்பையும் தராசில் நிறுப்பது அழகன்று. ஆயினும் ஒருவரையே பாடும் வழக்கம் நிறுத்தே தீரவேண்டிய நிலையை உண்டாக்கிவிட்டது.) தனியொருவரின் அற்புதமாகக் காட்டப்படும் துணிவு மற்றவர் எவரையும் கேள்வி கேட்பதில்லை. அற்புதம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லையே! ஒன்பது நீதிமன்றங்களில் பரவலாக நிகழ்ந்தது என்று சொல்லிவிட்டாலோ, கைதட்டுவோரின் கை பாதியில் நிற்கும்.

பாரதத்தின் சூதவையும் இத்தகைய வாசிப்புக்கே ஆளாகிறது. தன்னைத் தோற்ற பின்னர்ப் பணயம் வைக்கும் உரிமை கணவனுக்கு உண்டோ என்று திரௌபதி கேட்கிறாள். தருமம் நுண்ணியது என்று கூறிப் பீடுமர் ஒதுங்குகிறார். நுண்மையின் பெயரால் விடையைத் தள்ளிப்போடும் பல்கலைக்கழகத் தந்திரத்தின் தொல்வடிவம் அது. அவையின் இளையோருள் ஒருவனான விகர்ணன், கௌரவனாயிருந்தும், அவள் வெல்லப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறான். கர்ணன் அவனைச் சிறுவன் என்று அடக்குகிறான். நூறு பேரின் அவையில் விடை எட்டாக்கனியாக இருந்ததில்லை. விகர்ணன் பின்னர் அதே அண்ணனுக்காகப் போரிட்டு மடிந்தான் என்பதும் உண்மையே. அன்றைய நாளின் துணிவு அன்றைய நாளுக்கு மட்டும் உரியது. வாழ்நாள் முழுமைக்கும் அதை நீட்டிப் புகழவோ, பிந்தைய பணிவைக் காட்டி அழிக்கவோ தேவையில்லை.

இலக்கியத் துறைகள் ஆண்டுதோறும் ஆன்டிகனியைக் கற்பிக்கின்றன. நல்லது. 1975இல் கராட் நகரில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமையேற்ற நாட்டாரியல் அறிஞர் துர்கா பாகவத், அன்றைய வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த்ராவ் சவானின் முன்னிலையில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் உடல்நலத்துக்காக அவையை வேண்டச் செய்தார். மறு ஆண்டு கைதானார். பாடத்திட்டத்தில் அவருக்கு எத்தனை பக்கம்? கிரேக்க மன்னனை எதிர்ப்பதால் எந்தத் துறைக்கும் நல்கை நிற்பதில்லை.

தமிழில் ‘துணிதல்’ என்னும் வினைக்கு அறுபடுதல் என்றும் முடிவு செய்தல் என்றும் பொருள் உண்டு. அஞ்சாமை என்பது மனவியல்பு. துணிவோ ஒரு செயல், எதையேனும் அறுத்துக்கொள்ளும் முடிவு. கன்னா அஞ்சாதவர் என்று எழுதுவோர் அவரைக் குறைத்தே எழுதுகின்றனர். எது அறுபடும் என்று அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஜபல்பூர் தீர்ப்பு தவறென்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. நால்வருள் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகனே அவ்வரிகளை எழுதினார் என்பது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் சரியாக எழுதிவிட்டு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டவரைப் பற்றி முனைவர்பட்ட ஆய்வேடொன்று எழுதப்படுமானால், அதன் நெறியாளர் முதலில் கேட்கப்போகும் கேள்வி என்னவாயிருக்கும்?