தட்டம்மைக்கு வாசல் திறவாதீர்!

 

தட்டம்மை, மணல்வாரி என்றெல்லாம் நாம் அழைக்கும் நோயைச் சாதாரணக் காய்ச்சலாக எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ‘வந்தால் ஒரு வாரத்தில் தணிந்துவிடும்’ என்பது அவர்களின் வாதம். ஆனால், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து அரபியில் தனி நூல் எழுதிய மருத்துவ மேதை அர்ராஸி, இந்நோயை அவ்வளவு எளிதாகக் கருதவில்லை. நிமோனியாவும், கடும் வயிற்றுப்போக்கும், மூளை அழற்சியும், பார்வையிழப்பும் இதன் பின்விளைவுகளாகும். பிற நோய்களை எதிர்க்க உடல் முன்பே பெற்றிருந்த ஆற்றலையும் இது சிதைத்துவிடுகிறது.

நோயாளி இருமிச் சென்ற அறையின் காற்றில் இக்கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கும். ஊசி போடாதோர் நடுவே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். ஆகவேதான் நூற்றுக்கு 95 பிள்ளைகளேனும் இரண்டு தவணையும் பெற்றிருக்க வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். எங்கள் கூரம் போன்ற சிற்றூரில் 100 பிள்ளைகள் இருப்பின், விடுபடத்தக்கவர் ஐவரே. அந்த ஐந்து இடமும் நோயினால் உடல் நலிந்து ஊசி பெற இயலாத பிள்ளைகளுக்கு உரியவை. அலட்சியத்திற்கு உரியவை அல்ல. ஒன்பது மாதம் நிறையாத அண்டை வீட்டுக் கைக்குழந்தைக்கும் நம் பிள்ளை போட்டுக்கொள்ளும் ஊசியே அரண். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். இதுவும் அந்த ஹக்கேயன்றோ?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பறந்தன. பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் வழக்கமான தடுப்பூசிப் பணி உலகெங்கும் தடைபட்டது. அதன் விளைவை 2022 இறுதியில் கண்டோம். மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டனர். நம் அண்டை மாநிலத்து மலப்புரத்திலும் நோய் பரவவே, நிலையை ஆராய மத்திய அரசு குழுவை அனுப்பியது. கதவில் எங்கே இடைவெளி உண்டோ, அங்கே நோய் நுழைகிறது.

‘மருந்தில் ஹராமான பொருள் உண்டாமே?’ என வினவும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டிலிருந்து இந்தோனேசியாவுக்குச் சென்ற இதே வகைத் தடுப்பூசியை அந்நாட்டு உலமா சபை 2018-இல் ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்படுவதால் அது ஹராம் என்றும், ஆயினும் மாற்று மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில் அதைப் பயன்படுத்துவது ஆகும் என்றும் ஃபத்வா வழங்கியது. தீர்ப்பின் முற்பாதியை மட்டும் செவியுற்றவர்களால் ஆச்சே போன்ற பகுதிகளில் ஊசி போடுவது வெகுவாகக் குறைந்தது. பாதி ஃபத்வா முழு வதந்தியினும் கொடியது! ஐயமிருப்பின் ஆலிமையும் மருத்துவரையும் ஒருங்கே கேளுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிப்பது மார்க்கம் கற்பித்த ஒழுக்கமல்லவா?

முதல் தவணை 9 முதல் 12 மாதத்திற்குள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்திற்குள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இன்றே பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஜும்ஆவில் ஒரு நிமிடம் இதை நினைவூட்டுமாறு இமாம்களையும் வேண்டுகிறேன்.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது நம் வழியன்று. வல்ல ரஹ்மான் நம் மழலைகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.