எல்லாருக்கும் திறந்துவிடுவது ரிப்பேர் அல்ல



போன வாரம் என் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு கேட்டது, அடித்தேன். திரை ஒரு கணம் கறுத்தது. மறுபடியும் அதே வாசல், அதே கேள்வி. பாஸ்வேர்டு தப்பு என்றும் சொல்லவில்லை. ஏழெட்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து மறுபடியும் தட்டினேன். பலனில்லை.

அது என் பேரன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. பேரன் வேலைக்குப் போனதும் லேப்டாப்பை என்னிடம் விட்டுவிட்டான். நான் அதில் டெபியனையே போட்டுக்கொண்டேன். என் பென்ஷன் காகிதங்கள், வீட்டுக்காரியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரைகள் எல்லாம் அதற்குள்தான்.

முந்தைய நாள்தான் ஒரு கடையில் ஹார்டு டிஸ்க்கை மாற்றி, டெபியனைப் புதிதாகப் போட்டு, பழைய ஃபைல்களைக் காப்பி செய்து கொடுத்திருந்தார்கள். கடைத் தம்பிக்கு போன் போட்டேன்.

"பர்மிஷன் பிரச்சனை சார். எல்லாத்துக்கும் 777 போட்டு விட்ருங்க. இல்லேன்னா ரூட்லயே லாகின் பண்ணிக்குங்க. வீட்ல நீங்க ஒருத்தர்தானே, எதுக்கு சார் பூட்டு?"

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு எதிரானது அல்ல. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படி. நான் எதிர்ப்பது அந்த யோசனையை.

777 என்றால் என்ன? 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் வழியில் வந்தது லினக்ஸ். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பு உண்டு: உரிமையாளர், குழு, பிறர். நம் ஆபீஸ் கணக்கில் சொன்னால் ஃபைலை வைத்திருக்கும் கிளார்க், அவருடைய செக்ஷன், அப்புறம் வராந்தாவில் நிற்கும் ஊர் ஜனம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. மூன்று 7 போட்டால், கிளார்க்குக்கு உள்ள உரிமை அத்தனையும் வராந்தாவுக்கும் உண்டு என்று பொருள். அதைத்தான் ரிப்பேர் என்று சொல்கிறார்கள்.

நான் அதைச் செய்யவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துத் திரை வந்தது. அதே பாஸ்வேர்டை அடித்தேன், உள்ளே விட்டது. அப்படியானால் பாஸ்வேர்டு சரி, நான்தான் நான் என்பதிலும் சந்தேகமில்லை. முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். டிஸ்க் நிரம்பினாலும் இதே மாதிரி வாசலிலேயே திருப்பி அனுப்பும். இடம் தாராளமாக இருந்தது. பிறகு என் சொந்த ஃபோல்டரில் ஒரு காலி ஃபைல் உண்டாக்கப் பார்த்தேன். பதில் வந்தது: "பெர்மிஸியோன் நோன் அக்கோர்தே."

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கம்ப்யூட்டரையும் பிரெஞ்சிலேயே வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இதே இடத்தில் "பர்மிஷன் டினைட்", அனுமதி மறுக்கப்பட்டது, என்று வரும். பிரெஞ்சில் வருவது "அனுமதி வழங்கப்படவில்லை". மறுத்தது என்றால் யாரோ நம்மேல் கோபமாக இருக்கிறார் என்று தோன்றும். வழங்கவில்லை என்றால், வழங்க வேண்டியவர் யார், ஏன் வழங்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

கேட்டேன். ஃபோல்டரின் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் பெயர் "ரூட்". கடைத் தம்பி ரூட்டாக உட்கார்ந்து காப்பி செய்ததால் என் சாமான் அத்தனையும் அவர் பெயரில் பதிவாகிவிட்டது. நாம் உள்ளே நுழையும்போது திரையைத் திறக்கும் அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு சின்ன ஃபைலை நம் ஃபோல்டரில்தான் எழுத வேண்டும். ஃபோல்டர் என்னுடையதாக இல்லை, சீட்டு எழுத முடியவில்லை, வாசலுக்கே திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நோய்.

இது எனக்குப் புதிதல்ல. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001 ஜனவரி முதல் தேதி அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் கடைசியில் மறுபடி சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரித்தார்கள். ஃபைல்களை நாடா போட்டுக் கட்டி மூட்டை மூட்டையாக அனுப்பியவர்களில் நானும் ஒருவன். மூட்டை போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்து மாறாவிட்டால், அரியலூர் பீரோவில் இருக்கும் ஃபைலுக்குப் பெரம்பலூர் கிளார்க் பொறுப்பு. அவரால் பார்க்க முடியாது, இவர் தொட மாட்டார். அதற்கு மருந்து, அலுவலகக் கதவைக் கழற்றி வைப்பதா? பட்டியலில் பெயரை மாற்றி எழுதுவதா?

லினக்ஸில் பெயர் மாற்றும் கட்டளை "சி-ஹெச்-ஓன்". என் ஃபோல்டர் முழுவதற்கும் என் பெயரை எழுதச் சொல்லி, சூடோவோடு ஒரே ஒரு வரி. பழைய திரைக்கு வந்து பாஸ்வேர்டு அடித்தேன். திறந்தது. கடைக்குப் போகவில்லை, ஃபார்மட் இல்லை, 777 இல்லை.

தம்பி சொன்னபடி டிஸ்க் முழுவதற்கும் 777 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? மேலதிகாரியின் அதிகாரத்தை நமக்குத் தற்காலிகமாகத் தரும் சூடோ, தன்மேல் இருக்கும் தனி முத்திரையை இழந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். எல்லாருக்கும் எல்லாச் சாவியும் கொடுத்த வீட்டில் தலைமைச் சாவி மட்டும் பூட்டில் சேராது.

"நீங்க ஒருத்தர்தானே" என்பதும் சரியல்ல. நான் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் என் பெயரில்தான் ஓடுகிறது. நான் ரூட்டாக உட்கார்ந்தால் அவையும் ரூட். ஒரு தப்பான கட்டளை போதும், மொத்த டிஸ்க்கும் போய்விடும். இப்போதைய லினக்ஸ் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை, எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்கும். "சீட்" என்றே அதற்குப் பெயர். நம் ஆபீஸில் அ1 சீட், அ2 சீட் என்போமே, அதேபோல. மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பென்டிரைவ் போடலாம், மெஷினை நிறுத்தலாம். அதே ஆள் நெட்வொர்க் வழியாக எங்கிருந்தோ வந்தால் பாஸ்வேர்டு கேட்கும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

ஏன் இத்தனை சூடு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் பீரோச் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அவசரத்துக்கு யாரும் எடுக்கலாம். எங்களுடைய 777 அதுதான். ஒரு நாள் ஒரு ஃபைலில் இரண்டு தாள் காணவில்லை. ஃபைல் என் பக்கத்து சீட் நண்பர் பெயரில் இருந்தது. 17(பி) மெமோ கொடுத்தார்கள், விசாரணை நடந்தது, மூன்று வருஷம் இன்க்ரிமென்ட் கட். அந்த வாரம் அதே சாவியை நானும் எடுத்திருந்தேன். வேறு ஃபைலுக்காகத்தான். திரும்பப் பூட்டினேனா என்று எனக்கே நிச்சயமில்லை. விசாரணையில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மகள் கல்யாணம் அந்த மூன்று வருஷத்துக்குள் வந்தது. கடன் வாங்கித்தான் நடத்தினார். இப்போது அவர் இல்லை. தாளை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. எல்லார் கையிலும் சாவி இருந்தால் எடுத்தவன் தப்பிவிடுவான், பெயர் எழுதியிருப்பவன் மாட்டுவான்.

அதனால்தான் சொல்கிறேன். பென்ஷன் பாஸ்வேர்டை அட்டையில் எழுதி பிரவுசிங் சென்டரில் கொடுத்து வைத்திருப்பவர்கள் நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர்! அதுவும் ஆணியில் தொங்கும் சாவிதான். இன்றே போய் மாற்றுங்கள். மெஷின் "அனுமதி இல்லை" என்றால் திட்டாதீர்கள். யார் பெயரில் இருக்கிறது, யார் பெயரில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கடைக்காரர் 777 என்றால், "வேண்டாம் தம்பி, என் பெயருக்கு மாற்றிக் கொடு, போதும்" என்று சொல்லுங்கள்.

ஆணியில் தொங்கிய அந்தச் சாவியை நான் அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும்.