இரண்டாம் வகுப்புக்கு வரிசை கிடையாது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியவர்கள் பலரும் பாசலில் ரயிலேறி, பாரிஸ் வழியாக லு ஹாவ்ர் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே 'லா சவுவா', 'லா ப்ரோவான்ஸ்' போன்ற பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றன. கையில் அதிகம் இல்லாதவர்கள் மூன்றாம் வகுப்பில், கப்பலின் கீழ்த்தளங்களில் இடம் பிடித்தார்கள். கொஞ்சம் கூடுதலாகப் புரட்ட முடிந்தவர்கள் இரண்டாம் வகுப்பு வாங்கினார்கள். உதாரணத்துக்கு, 1912இல் டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்புக்கு 7, 8 பவுண்டு. இரண்டாம் வகுப்புக்கு 12, 13 பவுண்டு. இடையில் இருந்த வித்தியாசம் சுமார் 5 பவுண்டு. அந்தப் பணத்துக்குக் கதவு உள்ள அறை, வெள்ளைத் துணி விரித்த மேசை, நூலகம், காற்று வாங்கத் தனித் தளம் எல்லாம் கிடைத்தன. டைட்டானிக்கில் லிஃப்ட்கூட இருந்தது. ஆனால் அந்த 5 பவுண்டு வாங்கித் தந்தவற்றில் ஆகப் பெரியது நியூயார்க் கரையில்தான் தெரிந்தது. இரண்டாம் வகுப்புப் பயணி எல்லிஸ் தீவுக்குப் போக வேண்டியதில்லை.

நியூயார்க் துறைமுகத்தில் இருந்த எல்லிஸ் தீவின் குடியேற்றப் பரிசோதனை நிலையம் 1892 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பில் வந்தவர்களைப் படகுகளில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். மூட்டை முடிச்சோடு வருகிறவருக்கு மூச்சு வாங்குகிறதா, கால் நொண்டுகிறதா என்று மருத்துவர்கள் கண் வைத்திருப்பார்கள். சந்தேகப்பட்டால் சட்டையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து: இதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. டிராக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று பார்க்க, பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கியால் இமையைப் புரட்டினார்கள். அடுத்து பெரிய மண்டபத்தில் கேள்விகள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? கையில் எவ்வளவு இருக்கிறது? வேலை ஏற்பாடு ஆகிவிட்டதா? "ஆம், வேலை தயாராக இருக்கிறது" என்று சொல்வதே ஆபத்து. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளரை வரவழைப்பதை 1885ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. அதே கப்பலில் மேல்தளத்தில் வந்தவரையோ, கப்பலுக்கே அதிகாரிகள் வந்து, ஒரு பார்வை பார்த்து, சில கேள்விகள் கேட்டு அனுப்பிவிட்டார்கள். நோயோ பெரிய சந்தேகமோ இருந்தால் மட்டுமே அவர் தீவுக்குப் போனார். மற்றபடி துறைமுகப் பாலத்தில் பெட்டியோடு இறங்கி ஊருக்குள் நடந்துவிடலாம்.

இதற்கு அன்று ஒரு நியாயம் சொல்லப்பட்டது. இன்றும் அதே நியாயம் வேறு உடுப்பில் உலவுகிறது. கூடுதல் கட்டணம் கட்ட முடிந்தவர் அரசாங்கத்துக்குச் சுமையாக மாட்டார், ஆகவே அவரைத் துருவித் துருவிப் பார்க்கத் தேவையில்லை என்பது அது. கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. 1909இல் எல்லிஸ் தீவின் கமிஷனர் வில்லியம் வில்லியம்ஸ், வருகிறவர்கள் கையில் பொதுவாகக் குறைந்தது 25 டாலர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார். இரண்டு வகுப்புகளுக்கும் இடையிலிருந்த அந்த 5 பவுண்டு அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 24 டாலர். சிக்கனமாக மூன்றாம் வகுப்பில் வந்து அந்த 24 டாலரைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தியவரிடம் "இது போதாது" என்று சொல்ல அதிகாரிக்கு விதி இருந்தது. அதே பணத்தைக் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இரண்டாம் வகுப்பில் வந்தவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகலாம். அமெரிக்க மண்ணில் கால் வைக்கும்போது இருவரில் அதிக ஏழை யார்? நிலத்தை விற்றாரா, கடன் வாங்கினாரா, உறவினர் கொடுத்ததா, எதையும் டிக்கெட் சொல்லாது. ஒருமுறை அவ்வளவு பணம் திரட்ட முடிந்தது என்பதை மட்டுமே சொல்லும்.

நோய்த் தடுப்பு என்ற வாதம் இதைவிட வலுவானது; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. காலரா பயம் உண்மையானது. நெரிசலான கீழ்த்தளத்தில் தொற்று எளிதில் பரவும் என்பதும் உண்மை. எல்லிஸ் தீவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர்தான் என்பதையும் மறுக்கக் கூடாது. ஆனால் ஓர் அரசு நோய்க்குத்தான் பயப்படுகிறது என்றால், கண்நோய் உள்ளவர் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்து இமைப் பரிசோதனையைத் தவிர்க்கும்படி விடுவது எப்படிப் பொருந்தும்? மூன்றாம் வகுப்பில் தேற மாட்டோம் என்று பயந்தவர்கள் இரண்டாம் வகுப்பு வாங்குகிறார்கள் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். அதனாலேயே பிறகு இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். கூடுதல் பாதுகாப்பு வேண்டிய ஆபத்துகளுக்கு அந்த டிக்கெட் எப்போதும் உதவியது என்றும் சொல்ல முடியாது. டைட்டானிக்கில் இரண்டாம் வகுப்பு ஆண்கள் 168 பேரில் பிழைத்தவர்கள் 14 பேர். மூன்றாம் வகுப்பு ஆண்கள் 462 பேரில் பிழைத்தது 75 பேர். இது விகிதத்தில் இரண்டாம் வகுப்பைப் போல இரு மடங்கு. எல்லையில் கிடைத்த சலுகை எல்லைக்காகவே உண்டாக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்துக்கு இது அந்நியக் கதை இல்லை. ஏழைகளை ஏற்றுமதி செய்த நாடு அது. 1855இல் ஆர்காவ் மாநிலத்தில், இன்று ரோத்ரிஸ்ட் எனப்படும் ஊர், தன் ஏழைகள் 305 பேரைப் பயணச் செலவு கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தது. உள்ளூரில் அவர்களைப் பராமரிப்பதைவிடக் கப்பல் கட்டணம் மலிவு என்பதே கணக்கு. 1883ஆம் ஆண்டில் மட்டும் 13,000 பேருக்கு மேல் கடல் கடந்தார்கள். பாசலில் ஸ்வில்ஹென்பார்ட் போன்ற ஏஜென்சிகள் இதைப் பெரும் தொழிலாகவே நடத்தின. ஏமாற்றும் மலிந்திருந்தது. அப்போது பெர்னில் இருந்த அரசு செய்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஏஜென்ட் தொழிலை அது ஒழிக்கவில்லை. 1880இலும் பிறகு 1888இலும் சட்டம் போட்டு, ஏஜென்ட் உரிமம் எடுக்க வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும், பயணியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. அதைக் கண்காணிக்கக் குடிபெயர்வோருக்கென்று ஓர் அலுவலகத்தையும் திறந்தது. போகிறவர்கள் எப்படியும் போவார்கள், அவர்களை ஏமாற்றுக்காரர் கையில் விடக் கூடாது என்ற தெளிவு அந்தச் சட்டத்தில் இருந்தது.

நூறாண்டு கழித்து அந்த நாட்டின் வாசலில் நம்மவர்கள் நின்றார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இன்று ஏறத்தாழ 50,000 தமிழர்கள் அங்கே வாழ்கிறார்கள். வந்தவர்களில் பலர் நகையை அடகு வைத்து, காணியை விற்று, ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர்கள். ஆனால் கடைசியில் ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லாமல் போன ஒரு வழியும் சுவிட்சர்லாந்தில் இருந்தது. கொழும்பில் உள்ள சுவிஸ் தூதரகத்திலேயே தஞ்சக் கோரிக்கையைக் கொடுக்கலாம். ஏஜென்ட் வேண்டாம், கள்ளப் பாஸ்போர்ட் வேண்டாம், நடுவழியில் உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டாம். காசில்லாதவரும் கேட்க முடிந்த வழி அது ஒன்றுதான். 2012 செப்டம்பரில் அவசரச் சட்டத்தால் அதை மூடினார்கள். 2013 ஜூன் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 78 பேர் அதற்குச் சம்மதம் தெரிவித்தார்கள். மறுபக்கம், உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 4,000 பிராங் அபராதம். 1903இல் அமெரிக்கா, தொற்றுநோய் உள்ளவரை ஏற்றி வந்த கப்பல் நிறுவனத்துக்கு ஆளுக்கு 100 டாலர் விதித்ததும் இப்படித்தான். எல்லையில் அதிகாரி கேட்க வேண்டிய கேள்வியை, புறப்படும் இடத்தில் டிக்கெட் கொடுப்பவர் கேட்கும்படி ஆகிறது. தஞ்சம் கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தும் இடத்துக்கு வந்து சேர விமானம் ஏற்றாது. மிஞ்சுவது ஏஜென்ட் மட்டும்தான், அதுவும் உரிமமும் ஒப்பந்தமும் முறையிட ஓர் அலுவலகமும் இல்லாத ஏஜென்ட்.

இதே நாட்டில் முதல் வகுப்பும் உண்டு. அங்கே வேலை செய்யாத பணக்கார வெளிநாட்டவர், வருமானத்துக்குப் பதிலாகச் செலவை அடிப்படையாக வைத்து வரி கட்டலாம். 2016இல் மத்திய வரிக்கு அந்த அடிப்படைத் தொகை குறைந்தது 4 லட்சம் பிராங் என்று வைத்தார்கள். மாநிலத்துக்குப் பெரிய வரி லாபம் இருந்தால் அதையே காரணமாகக் கொண்டு வதிவிட அனுமதியும் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. சூரிக் மக்கள் 2009இல் இந்த வரி முறையைத் தங்கள் மாநிலத்தில் ஒழித்துக்கட்டியது அவர்களுக்குப் பெருமை. நாடு முழுக்க ஒழிக்கும் யோசனை 2014 வாக்கெடுப்பில் தோற்றது. சுற்றுலா விசா கேட்பவர் நாளுக்கு 100 பிராங் வீதம் பணம் காட்ட வேண்டும். தஞ்சம் கேட்டு வருகிறவர் 1,000 பிராங்குக்கு மேல் கொண்டுவந்தால், மிச்சத்தை அவரைப் பராமரிக்கும் செலவுக்கென்று அரசு எடுத்துக்கொள்ளலாம். பணம் இருப்பது ஒருவருக்குத் தகுதி, இன்னொருவருக்குப் பறிமுதலுக்குக் காரணம். ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக ஒரு விளக்கம் இருக்கத்தான் செய்கிறது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன் பையைப் பார்க்கும் பழக்கம் தெளிவாகத் தெரிகிறது.

ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கொடுக்க முடிந்தவர் எப்படி அகதியாவார் என்று நம்மவர்களே கேட்பதுண்டு. அது எல்லிஸ் தீவின் தவறைத் தலைகீழாகச் செய்வது. அங்கே டிக்கெட் விலையை வைத்து ஒருவரை நல்லவர் என்றார்கள். இங்கே பயணச் செலவை வைத்து ஒருவரைப் பொய்யர் என்கிறோம். எப்படி வந்தார் என்பதும் ஏன் வந்தார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஆமிக்கோ இயக்கத்துக்கோ பயந்து ஓடியவருக்கும் வழிச்செலவு உண்டு. சுவிஸ் குடியேறிகள் பிழைப்புத் தேடிப் போனவர்கள், அவர்களோடு அகதியை ஒப்பிடலாமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வித்தியாசம் அகதியின் பக்கமே சாய்கிறது. பிழைப்புத் தேடுபவர் ஒரு வருஷம் பொறுத்துப் பணம் சேர்க்கலாம். உயிருக்குப் பயந்தவர் பொறுக்க முடியாது. அவரிடம் காசு கேட்கும் எல்லை, அவரிடம் இல்லாத காலத்தையும் சேர்த்தே கேட்கிறது.

தூதரகங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன, வேறு எந்த ஐரோப்பிய நாடும் செய்யாததை நாம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பது சுவிஸ் அரசு சொன்ன காரணம். விண்ணப்பங்கள் குவிந்தது உண்மை. ஆனால் தூதரகத்தில் கொடுத்த விண்ணப்பத்தை நிராகரிக்கவும் முடியும். நிராகரிக்கப்பட்டவரைத் திருப்பி அனுப்பும் செலவு இல்லை, அவர் காணியும் கடனில் மூழ்காது. யாரை ஏற்பது, யாரை மறுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அரசிடமே இருந்தது. மூடியதால் போனது, காசு செலவழிக்காமல் காரணத்தைச் சொல்லும் வாய்ப்புதான். பதிலுக்கு வைத்த மனிதநேய விசா, நேரடியான, உடனடியான உயிராபத்து இருப்பவருக்கு மட்டும். பக்கத்து நாட்டுக்குத் தப்பிவிட்டவர் பெரும்பாலும் ஆபத்து நீங்கியவர் என்றே கருதப்படுகிறார். பெர்ன் நாடாளுமன்றம் கொழும்பு உள்பட எல்லாத் தூதரகங்களிலும் அந்தப் பழைய வழியைத் திரும்பத் திறக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை விண்ணப்பம் என்று எல்லை வைத்தாலும் சரி, முடிவைச் சில மாதத்தில் சொல்ல வேண்டும் என்று கெடு வைத்தாலும் சரி. சுவிஸ் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்ற தமிழர்கள் இன்று பல நகரங்களில் இருக்கிறார்கள். கட்சிகள் வாக்குக் கேட்டு வரும்போது இந்தக் கோரிக்கையை அவர்கள் முன்வைக்கலாம்.