முப்பது நோன்பும் விடாத மகள்

ரமளானில் வீட்டுப் பெண்மக்களுள் எவர் நோன்பு விட்டார், எவர் விடவில்லை என்பது உம்மாவுக்குத் தெரியாமற்போவதில்லை. 16 வயது மகள் 30 நோன்பையும் நோற்று முடிக்கிறாள். களாச் செய்ய ஒன்றுமில்லை. சென்ற ஆண்டும் அப்படியே. உம்மா கவனிக்கிறார், வாய் திறப்பதில்லை. சிலருக்குத் தாமதமாகும் என்று பாட்டி சொன்னதைப் பற்றிக்கொண்டு ஆண்டுகள் கழிகின்றன. பிறகு வரன் வந்துவிடுகிறது. அந்த மௌனம் தவறு என்பதே என் கருத்து.

15 வயது நிறைந்தும் மாதவிடாய் தொடங்கவில்லையெனில் மருத்துவரை நாட வேண்டும். மார்பக வளர்ச்சியே இல்லையெனில் 13 வயதிலேயே. காரணங்கள் பல. அவற்றுள் குரோமோசோம் மாறுபாட்டைச் சிறிதளவு இரத்தத்தில் செய்யும் காரியோடைப் சோதனை காட்டிவிடும்.

பெண்ணின் உயிரணுவில் பொதுவாக இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதே டர்னர் குறைபாடு. அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938இல் இதனை விவரித்தார்; குரோமோசோமே காரணம் என்பது 1959இல் தெரியவந்தது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. உயரம் குறைந்திருக்கும்; சினைப்பைகள் முன்னரே செயலிழந்துவிடும்; அறிவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனால் சிலருக்கு இதயத்திலும் பெருந்தமனியிலும் கோளாறு சேர்ந்திருக்கும். மாதவிடாய் வராததை மறைக்கும் குடும்பம், அறியாமலே அதையும் மறைக்கிறது.

"எந்த வழியில் வந்த குறை?" என்று உறவினர் கேட்பர். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதன்று. விடுபட்டதும் பல நேரங்களில் தந்தையிடமிருந்து வரவேண்டிய எக்ஸே. மருமகளை ஏசுவோர் இதனை அறிவது நலம்.

வேறு சிலருக்கோ, பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்திருந்தும், எக்ஸ்-ஒய் அமைப்பு காணப்படும். ஆண்மை ஹார்மோனை உடல் ஏற்காத நிலையில் மார்பகம் வளரும், கருப்பை இராது. ஸ்வையர் குறைபாட்டில் கருப்பை இருக்கும், சினைப்பை உருவாகியிராது. உள்ளிருக்கும் வளர்ச்சியுறாத திசுவில் கட்டி தோன்றும் வாய்ப்பு மிகுதியாதலால் அதனை அகற்றச் சொல்வர். 'அப்படியானால் இவள் ஆணா?' என்று அந்தப் பிள்ளையின் காதுபடக் கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை.

மார்க்கம் இவர்களை மறந்துவிடவில்லை. அத்தலாக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் மாதவிடாய் வராதோரின் இத்தாவை மூன்று மாதம் என வரையறுக்கிறது. உடல் அடையாளங்கள் தோன்றாவிடில் பருவமடைதல் வயதைக் கொண்டே கணக்கிடப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் அது 15 சந்திர ஆண்டுகள். ஆகவே தொழுகையும் நோன்பும் அவள்மீதும் கடமையே. தான் நாடியோரை மலடாக்குவதும் அல்லாஹ்வே என்று அஷ்ஷூரா அத்தியாயம் உரைக்கையில், வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

நிக்காஹ்வுக்கு முன் மணமகனிடம், அவரிடம் மட்டும், மகளின் சம்மதத்தோடு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மஹல்லா முழுதும் அறிய வேண்டியதில்லை. அதற்கும் முன்னதாக மகளுக்கே சொல்லியிருக்க வேண்டும்; பல வீடுகளில் கடைசியாக அறிபவள் அவளே.

ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பெரும்பாலும் பல ஆண்டுகள் தொடரும். அதின்றேல் இளமையிலேயே எலும்பு வலுவிழக்கும். மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னரோ உட்கொள்ள இயலுமா என மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கருப்பை உள்ளவர்க்கு மருந்தின் விளைவாக மாதந்தோறும் உதிரப்போக்கு ஏற்படக்கூடும். அது ஹைளாகுமா என்பதை, சிகிச்சை தொடங்கும்போதே ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.