ஆபியின் புஜமும் நடவுக்காரியின் புஜமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது. போன வாரம் ஒரு நண்பரோட நடந்த வாக்குவாதம் எழுத வெச்சிடுச்சு.

பேச்சு வீடியோ கேம் பத்தி. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' விளையாடினவங்களுக்கு ஆபியைத் தெரிஞ்சிருக்கும். அப்பாவைக் கொன்னவனைப் பழிவாங்க வருஷக்கணக்கா உடம்பை முறுக்கேத்தின பொண்ணு. திரண்ட தோள், உருண்ட புஜம். நண்பர் சொன்னார்: "பொம்பளைக்கு எங்கயாவது இப்படி புஜம் இருக்குமாய்யா? இயல்பாவே இல்ல."

சொன்னவர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். வயக்காட்டுக்கு நடுவுல வளர்ந்தவர். சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த உடம்பு கற்பனை இல்லைங்க. கோலீன் ஃபாட்ச் என்கிற நிஜமான கிராஸ்ஃபிட் வீராங்கனையை மாதிரியா வெச்சு உருவாக்கினது. அது கிடக்கட்டும், அமெரிக்கா வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம ஊர் நடவுக்கு வாங்க. காலையில இறங்கினா முதுகு நிமிராம, சேத்துல பின்பக்கமாவே நகர்ந்து நாத்து நடுற பொம்பளைங்க கெண்டைக்காலைப் பாருங்க. அறுப்பு மெஷின் வர்றதுக்கு முன்னாடி, நெல்லுக்கட்டைத் தலையில வெச்சு வரப்புமேல ஓட்டமும் நடையுமா களத்துக்குக் கொண்டுபோன அக்காக்களோட தோளை நினைச்சுப் பாருங்க. பக்கத்துல நின்னா ஆபிக்கே கூச்சமா இருக்கும். நண்பர் இதையெல்லாம் ஆயிரம் தடவை பார்த்தவர்தான். ஆனா வேலை நடக்குதான்னு பார்த்தார். அந்த வேலையைச் செய்யற உடம்பைப் பார்க்கலை.

'கேம்தானே, விடப்பா'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. சம வேலைக்குச் சம கூலின்னு 1976-லேயே சட்டம் வந்தாச்சு. அப்புறமும் வயல்ல ஆளுக்கு ஒரு கூலி, பொம்பளையாளுக்கு ஒரு கூலின்னு கொடுத்தது ஏன்? "அவ்வளவு பலம் பொம்பளைக்கு ஏது?" இதுதானே சொன்ன காரணம்? என் நண்பர் கேம் பார்த்துச் சொன்னதும் இதே வாக்கியம்தான். அவள் பலத்தைக் கண்ணால பார்த்தும் இல்லைன்னு சாதிச்சாத்தான் அவள் கூலியில கை வைக்க முடியும்.

கேம் செய்யறவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. 1986-ல் வந்த 'மெட்ராய்டு'ல கவசம் போட்ட வீரர் ஒருத்தர் கடைசிவரை சண்டை போடுவார். முடிவுலதான் அது சேமஸ் என்கிற பெண்ணுன்னு தெரியும். நல்ல சேதிதானேங்கறீங்களா? எவ்வளவு சீக்கிரம் ஜெயிக்கிறோமோ, அவ்வளவு குறைச்சலான உடையில வந்து நிப்பாங்க! கதாநாயகியே ஆட்டத்துக்குப் பரிசு. வேற்றுக்கிரகத்துல நீச்சலுடை இயல்பாம், புஜம் மட்டும் இயல்பு இல்லையாம். நல்லா இருக்குய்யா உங்க இயல்பு!

ஆம்பளைங்களையும் இவங்க விட்டு வைக்கலை. நரம்பு புடைக்கணும், கர்ஜிக்கணும், அழக்கூடாது. 2005-ல் வந்த 'காட் ஆஃப் வார்' கிராட்டோஸ் மாதிரி இருந்தாத்தான் வீரனாம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துல ரிஷபவாகனர் செப்புச்சிலை இருக்கு. திருவெண்காட்டுல கிடைச்சது, 1011-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது. காளையைக் காணோம், அதுமேல சாஞ்ச கை மட்டும் அப்படியே இருக்கு. ஒரு காலை மாத்திப் போட்டு, இடுப்பை ஒசிச்சு, நீள முடியைத் தலைப்பாகையா சுத்திக்கிட்டு நிக்கிறார். வழவழன்னு வயிறு, சிக்ஸ்பேக் கிடையாது. ராஜராஜன் காலத்துச் சிற்பி செஞ்ச ஆண்மை இது. இதைப் பார்த்து 'ஆம்பளைத்தனம் பத்தலை'ன்னு எவனாவது சொல்வானா?

"விக்கிறதைத்தான் செய்வாங்க"ன்னு அடுத்த வாதம் வரும். டொராண்டோவுல இருக்கற விசை கேம்ஸ் 2023-ல் 'வெண்பா'ன்னு ஒரு கேம் கொண்டுவந்தாங்க. நாயகி, 1980-களில் கனடா போன தமிழ்க் குடும்பத்து அம்மா. துப்பாக்கி இல்லை, நீச்சலுடை இல்லை. கிழிஞ்ச சமையல் குறிப்புப் புத்தகம்தான் ஆயுதம். 2024-ல் பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியிருக்கு. 'அங்கேயும் பொம்பளை அடுப்படியிலதானா'ன்னு கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனா பின்னாடி மகன் கவின் கைக்கும் கரண்டி வருது. அதையும் நாமதான் விளையாடணும்.

எனக்கு ஆசை ஒண்ணே ஒண்ணு. நாத்து முடிச்சைத் தூக்கி வர்ற ஒரு நடவுக்காரி, அவளோட நிஜமான தோளோட ஒரு கேம்ல நாயகியா வரணும். அன்னிக்கும் நம்ம நண்பர் 'இயல்பா இல்லை'ன்னு சொல்வார். சொல்லட்டும், கையோட அழைச்சுட்டுப் போய் வரப்புல நிறுத்திடறேன்.